அம்பத்தூர் ஹெர்குலிஸா, நாட்டிங்ஹாம் ராலேயா: பழைய சைக்கிள் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருக்கும் என் சித்தப்பா மகன், கடந்த மாசி மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு சைக்கிளில் போய்வருவது என்று முடிவு செய்திருந்தான். அதுவும் எங்கள் தாத்தா ஓட்டியதைப் போன்ற கறுப்புச் சைக்கிளாக, பழையதாக இருக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. இரண்டு சைக்கிள்களைப் பார்த்தும் வைத்திருந்தான். ஒன்று, மூடிப்போன அரிசி ஆலையின் பின்கட்டில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே சாத்தி வைக்கப்பட்டிருந்த ஹெர்குலிஸ். அதற்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். மற்றது, திருச்சியில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் பளபளவென்று நின்ற ராலே. ‘ஒரிஜினல் இங்கிலாந்து, 1948 மாடல், மூன்று கியர்’ என்று சொல்லி 28,000 ரூபாய் கேட்டார். இவை இரண்டும் வேண்டாம் என்றால், இதே கறுப்பு நிறத்தில், இதே 28 அங்குலச் சக்கரத்தோடு, ராலேயின் விலையில் கால்வாசிகூட ஆகாமல் புதுச் சைக்கிளே கடையில் கிடைக்கிறது. மூன்றில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்விக்குப் பலரும் பிராண்டின் பெயரை வைத்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு சைக்கிள்களையும் அரை அரை நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு, எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. பழைய சைக்கிளுக்கு இரண்டு விலை உண்டு: விற்பவர் கேட்கும் விலை ஒன்று, அதைப் பயமில்லாமல் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் விலை இன்னொன்று. இரண்டாவது விலையைக் கணக்குப் போடாமல் முதல் விலை மலிவா அதிகமா என்று பேசுவதில் பொருளே இல்லை.

முதலில் இந்த இரண்டு பெயர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் விலையில் பாதி அந்த வரலாற்றைச் சொல்லித்தான் வாங்கப்படுகிறது. ராலே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே தெருவில் தொடங்கிய நிறுவனம். ஹம்பர் சைக்கிளை 1932-லும் ரட்ஜ் சைக்கிளை 1943-லும் அதுவே எடுத்துக்கொண்டது. ஹெர்குலிஸ் 1910-இல் பர்மிங்ஹாமில் பிறந்தது. சாதாரண உழைப்பாளி வாங்கக்கூடிய விலையில் உறுதியான சைக்கிள் என்பதால்தான் அது பெயர் பெற்றது. அது 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது. அந்தக் குழுமமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-இல் தொடங்கியதுதான் சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். ராலேயும் ஏறத்தாழ அதே காலத்தில் வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே என்ற பெயரில் இங்கேயே தயாரிக்கப்படத் தொடங்கியது. ஆகவே நம் ஊர்களில் இன்று மிஞ்சியிருக்கும் ராலேக்கள் எல்லாம் கப்பலில் வந்தவை அல்ல. அசன்சோலில் பிறந்தவையும் அவற்றில் உண்டு. ராலே நிறுவனமே 1960-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்குள் அடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருப்பதாக விற்பவர்கள் சொல்லும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும்.

திருச்சி ராலேயை முதலில் பார்த்தோம். கடைக்கு வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி போன்ற கறுப்புப் பெயின்ட், பொன்னிறக் கோடுகள், முன்னால் நாரைத் தலை பதித்த பேட்ஜ், செயின்சக்கரத்திலும் அதே நாரை உருவம். ஆனால் என்னைத் தயங்க வைத்ததே அந்தப் புதுப் பெயின்ட்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் இதே போல் புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரு சைக்கிளை ஆசையோடு வாங்கினேன். ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை ரயில்வே கேட்டின் மேட்டில் ஏறி இறங்கும்போது ஹேண்டில் மெல்ல என் பக்கம் சாய்வது போலத் தோன்ற, இறங்கிப் பார்த்தால், முன்குழாயும் கீழ்க்குழாயும் கூடும் முட்டுக்குப் பின்னால் பெயின்ட் மயிரிழை போல் விரிந்திருந்தது. சுரண்டிப் பார்த்ததில் பழைய விரிசல், அதன்மேல் பித்தளை ஒட்டு, ஒட்டின்மேல் பட்டி, பட்டியின்மேல் கறுப்பு. வேகமாகப் போகும்போது அந்தக் குழாய் விட்டிருந்தால் என் முகம் தார் ரோட்டில்தான் போய் விழுந்திருக்கும். அன்று முதல் எந்தப் பழைய சைக்கிளைப் பார்த்தாலும் என் விரல் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

அந்த இடத்தை எப்படிப் பார்ப்பது என்று விளக்கமாகவே சொல்கிறேன். இந்த ஒன்று சரியில்லை என்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. சைக்கிள் எதிலாவது நேராக மோதியிருந்தால் முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அந்த விசை மேல்பாரிலும் கீழ்க்குழாயிலும், முன்குழாயை ஒட்டி இரண்டு அங்குலத்துக்குள் இறங்கும். அங்கே குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு புடைப்போ சுருக்கமோ எழும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை அடிப்பக்கமாக மெல்ல இழுத்தால் கைக்குத் தெரிந்துவிடும். பட்டி பூசி அதை நிரவியிருந்தால், சட்டைப்பையில் கொண்டுபோகும் சிறிய காந்தம் அந்த இடத்தில் மட்டும் சரியாக ஒட்டாமல் நழுவும். அடுத்ததாக, பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பார்க்க வேண்டும். முன்குழாயின் சாய்விலேயே நேராக இறங்கி, கீழே அழகாக முன்னோக்கி வளைய வேண்டிய கால்கள், நடுவிலேயே பின்னுக்கு ஒடுங்கியிருந்தால் அது மோதிய வண்டி. கடைசியாக நூல் சோதனை. பின்அச்சு உட்காரும் காதில் ஒரு நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி எடுத்துவந்து மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டி, சீட்டுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் ஸ்கேலால் அளந்தால், ஃபிரேம் கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருபுறமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டால் பரவாயில்லை; ஐந்தாறு என்றால் அந்த வண்டி கையை விட்டால் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

திருச்சி ராலே இந்தச் சோதனையில் தேறியது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஃபிரேம் நேராக இருந்தது, காந்தம் எங்கும் வழுக்கவில்லை. அடுத்து வயதைப் பார்த்தோம். பின்சக்கரத்தின் நடுவில், கியர்களை உள்ளே அடக்கியிருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்து ஹப்பின் உடம்பிலேயே அதன் மாதிரி எழுத்துகளும், தயாரான ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் குத்தப்பட்டிருக்கும். பழைய பனியன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு அழுக்கைத் துடைத்ததும் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும், அதன் கீழே 62 என்ற எண்ணும் தெரிந்தன. விற்பவர் சொன்ன 1948 எங்கே, 1962 எங்கே? இதனாலேயே அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அறுபதுகளில் யாரோ பின்சக்கரத்தை மாற்றியிருக்கலாம். ஆனால் அப்படியென்றால் அது ‘ஒரிஜினல்’ அல்ல; பின்சக்கரம் மாறிய சைக்கிள். முன்பக்க பேட்ஜின் ஆணிகளும் பழைய துருக்கறை இல்லாமல் புதிதாக மின்னின. பேட்ஜில் நாட்டிங்ஹாம் என்று எழுதியிருப்பது மட்டும் சான்றாகாது. பேட்ஜைக் கழற்றி இன்னொன்றில் அடிப்பது ஐந்து நிமிட வேலை.

ஹப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் குத்தியிருந்தது ஏ.டபிள்யூ. என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஐம்பதுகளின் நடுவில் சில ஆண்டுகள் எஸ்.டபிள்யூ. என்ற வேறொரு மாதிரியும் வந்தது. மிதிக்கும்போது பல் பிடிக்காமல் நழுவும் என்று பெயர் கெட்டுப்போன மாதிரி அது. ஏ.டபிள்யூ. அப்படியல்ல. எண்ணெய் மூடியைத் திறந்து மாதத்துக்கு ஒருமுறை சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் மனிதனின் ஆயுளைத் தாண்டியும் உழைக்கக்கூடியது. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-ஆம் ஆண்டில் தைவான் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறிய பிறகும் மூன்று கியர் ஹப்புகள் தொடர்ந்து தயாராகின்றன என்பதால், உதிரி தேடுவதும் முழு இருட்டல்ல. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே பெடல் ஒருமுறை வெறுமனே சுழன்றது. அது ஹப்பின் குறை இல்லை, கேபிளும் அதன் முனையிலுள்ள சிறு சங்கிலியும் சரியான இறுக்கத்தில் இல்லை என்பதன் அடையாளம். இரண்டு நிமிடத்தில் சரிசெய்யலாம். ஆனாலும், எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி நழுவினால் பாரில் மோதிக்கொள்ள நேரும். இவ்வளவு விலை சொல்லும் ஒருவர் இந்த இரண்டு நிமிடத்தைக்கூடச் செலவிடவில்லை என்பது, உள்ளே பிரித்துப் பார்க்கப்படவே இல்லை என்ற சந்தேகத்தை எனக்குள் உறுதியாக்கியது.

கியர் தேவையா என்பது அடுத்த கேள்வி. முன்னால் 48 பல்லும் பின்னால் 18 பல்லும் என்று வைத்துக்கொண்டால், கியர் இல்லாத சைக்கிள் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர் நகரும். ஏ.டபிள்யூ. ஹப்பில் நடுக் கியர் அதே அளவுதான். முதல் கியர் அதில் கால்பங்கு குறைந்து நாலரை மீட்டராகவும், மூன்றாம் கியர் மூன்றில் ஒரு பங்கு கூடி 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். காவிரிப் பாசனச் சமவெளியில் மேடு என்பது வாய்க்கால் மதகும் ரயில்வே கேட்டும்தான். அதற்குக் கியர் தேவையில்லை என்றுதான் நான் முதலில் சொன்னேன். தம்பி உடனே, “ஆடிக் காத்துல நீங்க இந்த ரோட்டுல சைக்கிள் விட்டதில்லையாண்ணே?” என்று கேட்டான். அவன் சொன்னது சரி. அம்மியே பறக்கும் காற்றில், இருபுறமும் மரமில்லாத வயல்வெளிச் சாலையில், இருபது கிலோ எடையுள்ள சைக்கிளை மேற்கு நோக்கி மிதிக்கிறவனுக்கு முதல் கியர் ஒரு வரம். ஏற்ற இறக்கமுள்ள கோவைப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ இருந்திருந்தால் நான் தயங்காமல் கியர் வண்டிக்கே வாக்களித்திருப்பேன்.

ராலேயின் உண்மையான சிக்கல் பெடல் அச்சில் இருந்தது. இடது கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டியபோது ‘டக் டக்’ என்ற ஆட்டம் கைக்கு வந்தது. கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருந்தால் அது சின்ன விஷயம். ஆனால் கிராங்க் மட்டும் ஆடாமல் அச்சோடு சேர்ந்து ஆடினால், உள்ளேயுள்ள கப்போ அச்சோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். இங்கே அச்சோடுதான் ஆடியது. நாட்டிங்ஹாம் ராலேயில் பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்புகளில் அங்குலத்துக்கு 26 மரை. பிரிட்டனின் மற்ற சைக்கிள்களிலும், அவற்றைப் பின்பற்றி வந்தவற்றிலும் 24. நம் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைப்பது இந்த 24 மரைக் கப்தான். தெரியாத மெக்கானிக் அதையே வைத்து ஸ்பானரால் அழுத்தி முறுக்கினால் முதல் இரண்டு சுற்று ஏறும்; பிறகு ஃபிரேமின் மரையே சிதைந்து, அந்தச் சைக்கிள் நிரந்தரமாக ஊனமாகும். சரியான கப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அல்லது இன்னொரு பழைய ராலேயைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்தது என்ற பெருமையே, பழுது பார்க்கும் நாளில் சுமையாக மாறும் இடம் இது.

அரிசி ஆலை ஹெர்குலிஸ் நேர் எதிரானது. பத்தடி தூரத்தில் பார்த்தால் இரும்புக் கடைக்குப் போட வேண்டியது போலிருந்தது. டயர்கள் வெடித்து நூல் தெரிந்தன. சீட்டின் தோல் நடுவில் கிழிந்து ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. கேரியர் இல்லை, டைனமோ இருந்த இடத்தில் அதன் கிளிப் மட்டும் மிச்சம். ரிம்களில் நிக்கல் போய், பிரேக் கட்டை உரசும் உட்பக்கம் முழுக்கச் செந்துரு. ஆனால் தவிட்டுத் தூசியைத் துணியால் துடைத்ததும், அதன் அடியில் இருந்தது தொழிற்சாலையில் அடித்த அதே பழைய கறுப்பு. மங்கி, ஆங்காங்கே பெயர்ந்து, ஆனால் ஒருமுறைகூட மேலே பூசப்படாதது. பூசப்படாத பழைய பெயின்டைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. ஃபிரேம் எங்காவது நெளிந்திருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, துரு கோடாக ஓடியிருக்கும். அப்படி எங்கும் இல்லை. நூல் சோதனையில் இருபுறமும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்.

முன்அச்சு நட்டுக்கு அடியில் தகரத் தகடு ஒன்று மாட்டியிருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வரி கட்டி, நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுக்கும் வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமலும் விளக்கு இல்லாமலும் பிடிபட்டால் அபராதம். கத்தி முனையால் துருவைச் சுரண்டியபோது எண்கள் அரைகுறையாக வந்தன. ஆண்டில் 6 என்ற எண் மட்டும் தெளிவாக, அடுத்த எண் 8 போலவோ 9 போலவோ தெரிந்தது. ஆலைக்காரரின் தகப்பனார் வாங்கிய வண்டி, நெல் வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போய்வந்தது, வேறு கைக்கு மாறவே இல்லை என்று அவர் சொன்னதற்கும் அந்த வில்லைக்கும் பொருத்தம் இருந்தது. ஒரே வீட்டில் இருந்த சைக்கிள் என்பதை நான் பெரிய தகுதியாகவே கருதுகிறேன். பல கை மாறிய வண்டியில் எது யார் மாற்றிய பாகம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

இந்த வண்டியில் மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கும்பகோணத்திலேயே கிடைக்கும் என்பதுதான் முக்கியம். 28 x 1½ அளவு டயரும் டியூபும் இன்றும் கிராமத்துக் கடையில்கூட தொங்குகின்றன. பால்காரரும் இளநீர்க்காரரும் ஓட்டும் சைக்கிள் இன்றும் அதே அளவுதான். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கிலேயே நம் கறுப்புச் சைக்கிள்களுக்கு இன்றும் போக்ஸ் கம்பி போடுவதால், பழைய ஹப்பை வைத்துக்கொண்டே புது ரிம் கோத்துக்கொள்ளலாம். பிரீவீல், செயின், கோன், குண்டுகள், காட்டர் பின், பிரேக் கட்டை எல்லாம் அன்றாடச் சரக்கு. எங்கள் தெருமுனை மெக்கானிக் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்கை ஒருமுறை சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். “அச்சு நல்லாயிருக்கு. குண்டு மட்டும் மாத்துனா போதும்” என்றார். ஓவராயில், இரண்டு ரிம், கம்பி, சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் கூலி, டயர் டியூப், சீட், கேரியர், எல்லாம் சேர்த்து அவர் எழுதிக் கொடுத்த தொகை 6,300 ரூபாய். அதாவது 4,500 ரூபாய் ஹெர்குலிஸின் உண்மையான விலை 10,800. ராலேக்கோ 28,000-க்கு மேல், கிடைக்குமா என்றே தெரியாத ஒரு பி.பி. செட்டும், அதுவரை வண்டி சும்மா நிற்கும் மாதங்களும்.

இந்த இடத்தில் புதுச் சைக்கிளை எடுத்துக்கொள்ள வேண்டும். 10,800 ரூபாய்க்குள் ஹீரோ ஜெட் போன்ற கறுப்புச் சைக்கிள் புதிதாகவே கிடைக்கும்போது எதற்குப் பழையது என்று தம்பியின் மனைவி கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. நாளைக்கே வண்டி வேண்டும், பழுது பார்ப்பதில் நாட்டம் இல்லை, நல்ல மெக்கானிக் பக்கத்தில் இல்லை என்பவர்களுக்குப் புதியதுதான் சரி; அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பட்டறையில் அவசரமாகக் கோத்த சக்கரத்துக்கு ஒரு மாதம் கழித்து ஒருமுறை கோட்டம் எடுத்துவிட்டால் போதும். பழையதன் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நேராக இருக்கும் பழைய ஃபிரேமும் தேயாத அச்சும் ஏற்கெனவே ஐம்பது ஆண்டு சோதனையில் தேறியவை. புதியதன் முலாம் எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், என் வீட்டிலேயே இரண்டாம் ஐப்பசிக்குள் ஹேண்டில்பார் புள்ளி புள்ளியாகத் துருவேறியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, தம்பிக்குப் பழையது வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பிடித்த வண்டிக்குத்தான் மனிதன் எண்ணெய் விடுவான்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. கம்பிப் பிரேக், அதாவது கேபிளுக்குப் பதிலாக ஹேண்டிலிலிருந்து கம்பிகள் இறங்கி, ரிம்மின் உட்பக்கத்தில் கட்டையை மேல்நோக்கி இழுக்கும் அமைப்பு, உலர்ந்த ரோட்டில் சுமாராகவும், நனைந்த ரோட்டில் மிக மோசமாகவும் பிடிக்கும். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால், பிரேக்கைப் பிடித்த பிறகு சக்கரம் பல சுற்றுகள் ஓடித்தான் வேகம் குறையும். சைக்கிளும் மாட்டுவண்டியும் மட்டும் ஓடிய சாலைக்கு அது போதுமானதாக இருந்தது. லாரியும் மினி பஸ்ஸும் ஓடும் இன்றைய சாலையில் அப்படிச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நகரப் போக்குவரத்தில் ஓட்டப்போகிறவர்கள் 28 அங்குலக் கம்பிப் பிரேக் வண்டியையே விட்டுவிட்டு, கேபிள் பிரேக் உள்ள 26 x 1⅜ அளவு பழைய வண்டிகளைத் தேடுவது நல்லது. அதிலும் இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு அலுமினிய ரிம் கோத்துக்கொண்டால், ஈரத்திலும் பிரேக் வெகுவாக முன்னேறும். தம்பியின் பாதை கிராமத்துச் சாலை, போக்குவரத்து குறைவு என்பதால்தான் கம்பிப் பிரேக்குக்கு நான் சம்மதித்தேன்; அதையும் புது ரிம், புதுக் கட்டை என்ற நிபந்தனையோடு. நெளிந்த ரிம்மில் கம்பிப் பிரேக்கைச் சரியாக அமைக்கவே முடியாது; ஒரு சுற்றில் ஓரிடத்தில் கவ்வும், மற்ற இடத்தில் தொடவே தொடாது.

அளவையும் மறக்கக் கூடாது. இவ்வகை வண்டிகள் 22, 24 அங்குல ஃபிரேம்களில் வரும். பாருக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால் பார் உடம்பில் தட்டக் கூடாது. ஐந்தரை அடிக்குக் குறைவானவர் 24 அங்குல வண்டியை வாங்கிவிட்டு, சிறு வயதில் குரங்குப் பெடல் போட்டது போலத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டிங்ஹாம் ராலேக்கு 28,000 கொடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அதன் பெயின்ட் தொழிற்சாலையில் அடித்ததாகவே இருந்து, பொன்னிறக் கோடு கை பட்ட இடங்களில் மட்டும் தேய்ந்து, ஹப்பின் ஆண்டும் சொல்லப்படும் ஆண்டும் ஒத்துப்போய், செயினை முழுவதும் மூடும் கவர் நெளியாமல் மூடிகளோடு இருந்து, புரூக்ஸ் தோல் சீட் தையல் பிரியாமல் வெடிக்காமல் இருக்குமானால், நான் அந்த விலையை அதிகம் என்று சொல்ல மாட்டேன். இரட்டைக் குழாய் ஃபோர்க் கொண்ட ஹம்பரோ, செயின்சக்கரத்தில் கை உருவம் பதித்த ரட்ஜோ முழுமையாகக் கிடைத்தாலும் அப்படித்தான். அவை ஓட்டுவதற்காக மட்டும் வாங்கப்படுபவை அல்ல, காப்பாற்றி வைப்பதற்காகவும் வாங்கப்படுபவை. அங்கே கணக்கு வேறு. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை யாராவது தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால், அதைத் தனித்தன்மை உடையதாக்கியது எதுவோ அது போய்விடுகிறது. மேலே சொன்ன செயின் கவரும், ஃபோர்க்கும், சீட்டும் காணாமல் போயிருந்தால் அவற்றைத் திரும்பச் சேர்ப்பது வண்டியைவிட விலை அதிகமான வேலை. பாகங்கள் குறையாத அழுக்கு வண்டியை, பாகங்கள் குறைந்த பளபளப்பு வண்டியைவிட மேலாக வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பி ஹெர்குலிஸையே வாங்கினான். ஆலைக்காரர் 4,000-க்கு ஒப்புக்கொண்டார். பெயின்டைத் தொட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டோம். மண்ணெண்ணெயும் பழைய துணியும் கொண்டு துடைத்து, துரு ஏறிய இடங்களில் மட்டும் எண்ணெய் தடவினோம். பெல் பழையதே, மூடியைக் கழற்றி உள்ளே இருந்த தவிட்டைத் தட்டியதும் அடித்தது. வண்டி தயாராகிப் பத்து நாள் கழித்து இடது கிராங்க் லேசாகச் சத்தமிட ஆரம்பித்தது. புதிதாக அடித்த காட்டர் பின் முதல் ஐம்பது கிலோமீட்டரில் உட்கார்ந்து தளர்வது வழக்கம். அப்போதே நட்டை இறுக்காமல் ஓட்டினால் பின்னும் கெட்டு, கிராங்கின் துளையும் கெடும். மரக்கட்டையை அடியில் முட்டுக் கொடுத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, நட்டை இறுக்கினோம். வில்லையைக் கழற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்டதற்கு, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தம்பி சொல்லிவிட்டான்.